வில்லன் காப்பி கேக்கான்

ஏலே பேராண்டி, தலைதீபாவளி கூட இன்னும் வரலை, அதுக்குள்ள வீட்டுக்காரி உன்னைய உலகப்படம் பாக்க உக்கார வச்சிட்டாள்னு போன்ல அழுதியே, கேட்டதுல எனக்குப் பரம சந்தோசம். கோவிச்சுக்கிடாதே. இத்தனை வருசமா இந்தக் குடும்பத்துல நான் ஒத்தையில மாட்டிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப துணைக்கு ஒரு இளவட்டம் வந்து சேர்ந்திருக்கு. அந்தச் சந்தோசம்தான்.

உனக்கு வந்திருக்கிறது புது வியாதி. எனக்கு இது தூர்தர்ஷன் காலத்துல பிடிச்சது. அப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் டெல்லியில இருந்து ஒரு மாநிலமொழிப் படம் போடுவான். பூராவும் விருது வாங்கின சரக்கு. ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் ஒரியா, ஒரு வாரம் அசாமி. கீழ இங்கிலீசு எழுத்து ஓடும். கோழிக்குழம்பு ஊத்தித் தின்னுட்டு மனுசன் தலைசாய்க்கிற நேரம் அது. தெருவுல டிவி இருந்ததே நம்ம வீட்டுலதான். கூட்டம் திமுதிமுன்னு வரும். படத்துல ஒரு கிழவி குளக்கரையில சும்மா உக்கார ஆரம்பிச்சதும் வந்த வழியே எந்திரிச்சுப் போயிரும். நான் எங்கலே போறது? என் வீடுல்லா அது! உங்க ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, அந்த இங்கிலீசு எழுத்தை எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவா. டீச்சர் உத்தியோகம் பாத்தவ பாரு, ஒருத்தன் உக்காந்திருந்தாலும் பாடம் நடத்தித்தான் தீருவா.

நான் டூரிங் கொட்டகையில மணலைக் குவிச்சு, அது மேல உக்காந்து 'நாடோடி மன்னன்' பாத்த ஆளு. பி.எஸ்.வீரப்பா தொண்டையைத் திறந்து சிரிச்சாருன்னா வில்லன். நம்பியார் கண்ணை உருட்டி உள்ளங்கையைப் பிசைஞ்சாருன்னா வில்லன். பால்குடிப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். தலைவர் வந்து நாலு சாத்து சாத்துவாரு, நாமளும் மணலைத் தட்டிவிட்டுட்டு நிம்மதியா வீட்டுக்கு வரலாம். இந்த விருதுப் படத்துல அந்த வசதி கிடையாது. படம் ஓடி ஒரு மணி நேரம் ஆகும், யாருலே இதுல வில்லன்னு தேடிக்கிட்டே இருப்பே. நான் தேடிக் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன், இனாமாச் சொல்லுதேன், குறிச்சுக்கோ. கால்மேல கால் போட்டு உக்காந்து, பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, உள்பக்கமா ஒரு சத்தம் குடுத்து, காப்பி கேக்கான் பாரு, அவன்தான் வில்லன். அவன் சிரிக்க மாட்டான், கத்தி எடுக்க மாட்டான். காப்பி கேப்பான். அதைப் படமெடுத்து ஊர் ஊராக் கொண்டுபோயி விருது வாங்குதாங்க.

நம்பலையா? 'உதிரிப்பூக்கள்' எடுத்துக்கோ. 1979-ல மகேந்திரன் எடுத்தது. புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'யில இருந்து பிறந்த கதைன்னு ஆச்சி சொல்லுவா. அதுல விஜயன் புருசனா வாராரு. ஊருக்குப் பெரிய மனுசன். சத்தம் போட்டு ஒரு பேச்சுக் கிடையாது, ஆனா வீட்டுல இருக்கிறவ மனசை அரைச்சுக் குடிச்சிருவான். கடைசியில ஊரே ஒண்ணு கூடி அவனை ஆத்துக்குள்ள இறக்கி விட்டுருது. அந்தப் படத்தைப் பாத்துட்டு டவுனுல இருந்து திரும்பி வாரப்ப பஸ்ஸுல உங்க ஆச்சி என்னைய மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தா. நம்ம ஊருல ஆறு கிடையாது. கண்மாயும் அந்த வருசம் வத்திக் கெடந்துச்சு. அந்தத் தைரியத்துல தூங்குனேன்.

சரி, விஜயன் கெட்டவன், ஆத்துல போகட்டும்னு வையி. சத்யஜித் ராய் 1964-ல 'சாருலதா'ன்னு ஒண்ணு எடுத்தாரு. அதுல புருசன் பூபதி தங்கமான ஆளு. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். சொந்தமாப் பத்திரிகை நடத்துதான், அரசியல் பேசுதான். பொண்டாட்டிக்குப் பெரிய மாளிகை, வேலைக்காரங்க, வெத்திலைப்பெட்டி எல்லாம் இருக்கு. அவ என்ன பண்ணுதா? கையில ஒரு சின்ன தூரக்கண்ணாடியை வச்சுக்கிட்டு ஜன்னல் ஜன்னலாப் போயி தெருவுல போறவனை எல்லாம் பாக்கா. அந்நேரம் புருசன் உள்ள இருந்து வாரான். பொஸ்தகத்துல மூக்கை நுழைச்சுக்கிட்டு அவளைத் தாண்டிப் போறான். அவ நிக்கிறதே அவனுக்குத் தெரியலை. அவ மெதுவா அந்தத் தூரக்கண்ணாடியைத் தூக்கி, போற புருசனைப் பாக்கா. ஒரு வசனம் கிடையாது. முடிஞ்சுது சோலி. அடுத்த வருசம் பெர்லின்ல ராய்க்கு வெள்ளிக் கரடி குடுத்தான். நான் அன்னைக்கு மடிச்சு வச்ச தினத்தந்திதான், அதுக்கப்புறம் நம்ம வீட்டுத் திண்ணையில பேப்பர் விரிச்சதில்லை. டீக்கடையில போயிப் படிச்சுட்டு, ஒண்ணும் தெரியாதவனா வீட்டுக்கு வந்துருவேன். நீயும் செல்போனை ஆபீஸ்லயே நோண்டி முடிச்சுட்டு வா.

பேப்பரோட போச்சுன்னு நெனைச்சேன். 2021 தைப்பொங்கல் கழிஞ்சதும் மலையாளத்துல இருந்து ஒரு அணுகுண்டு வந்து விழுந்துச்சு. 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. ஜியோ பேபி எடுத்த படம். கேரள அரசாங்கம் சிறந்த படம்னு விருது குடுத்துச்சு. சண்டை கிடையாது, கொலை கிடையாது, ஆனா கல்யாணமான ஆம்பளை ஒருத்தன் நிம்மதியா அதைப் பாத்து முடிச்சிருக்க முடியாது. புருசன்காரன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. பிள்ளைகளுக்குக் குடும்பம்னா என்னன்னு பாடம் நடத்துதான். வீட்டுல முருங்கைக்காயைச் சப்பி, சக்கையைத் தட்டுக்கு வெளிய மேசையில போடுதான். மாமனார் அதுக்கு மேல. சோறு விறகடுப்புல வெந்தாத்தான் இறங்கும், சட்னி அம்மியில அரைச்சாத்தான் ருசிக்கும், பல் தேய்க்க பிரஷ்ஷைக் கையில கொண்டாந்து குடுக்கணும். அந்தப் புள்ள அடுப்படியில பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ குழாய் ஒழுகுது. ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணுங்கன்னு சொல்லுதா. சரிங்கான். மறந்துருதான். மறுபடி சொல்லுதா. மறுபடியும் சரிங்கான். அந்த நாத்தத்தண்ணி வாளியில சொட்டுது, சொட்டுது, படம் பூராச் சொட்டுது. கடைசியில அந்தத் தண்ணியை அவ எங்க கொண்டுபோயி ஊத்துனாங்கிறதை நீயே பாத்துக்கோ. சொன்னா உன் வீட்டுக்காரி வருத்தப்படுவா.

பிரஷ் விசயத்துல நான் தப்பிச்சேன். எனக்கு வேப்பங்குச்சி, நானே போயி ஒடிச்சுக்கிடுவேன். முருங்கைக்காய்ச் சக்கையும் தட்டுக்குள்ளதான் போடுவேன். ஆனா நம்ம வீட்டு அங்கணக்குழி பொங்கல்ல இருந்து அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. படம் முடிஞ்சு டிவியை அமத்துனதும் உங்க ஆச்சி ஒரு வார்த்தை பேசலை. மூக்குக்கண்ணாடியைக் கழத்தி வச்சுட்டு அங்கணத்துப் பக்கம் ஒருக்காப் பாத்தா, என்னைய ஒருக்காப் பாத்தா, படுக்கப் போயிட்டா. மறுநாள் விடியக்காலம் குழாய் ரிப்பேர்காரன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல எனக்கு முன்னாடி நம்ம மேலத்தெரு ரிட்டயர்டு தலையாரி நிக்காரு. அவர் வீட்டுலயும் ராத்திரி மருமக அதே படத்தைத்தான் போட்டிருக்கா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம், மழை பெய்யுமான்னு பேசிக்கிட்டோம்.

இப்படி உலகத்துப் புருசமாரை எல்லாம் நடுத்தெருவுல நிக்க வச்சு விளக்குமாத்தால சாத்துதாங்களே, எடுக்கிறவன் யாருன்னு பாத்தா அவனும் ஒருத்தியோட புருசன்தாம்லே! அதான் எனக்கு ஆத்த மாட்டாத வேடிக்கை. ராய் தன்னோட முதல் படம் 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்கையில கையில காசு கிடையாது. இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வச்சாரு, அதுவும் பத்தலை. அப்புறம் பொண்டாட்டி நகை அடகுக்கடைக்குப் போச்சு. அக்காவும் தம்பியும் நாணல் பூத்த காட்டுல ரயில் பாக்கப் போற இடம் ஒண்ணு வரும், எனக்கே பிடிச்ச இடம். ஒருநாள் கொஞ்சம் எடுத்துட்டு, மிச்சத்தை எடுக்க ஒரு வாரம் கழிச்சுப் போனா, காடு மொட்டையாக் கெடக்கு. மாடு புகுந்து பூவை எல்லாம் மேஞ்சுட்டுப் போயிருச்சு! மறுபடி பூக்கிற பருவம் வரைக்கும் மனுசன் காத்துக் கெடந்தாரு. அப்புறம் மேற்குவங்க அரசாங்கம் பணம் குடுத்து ஒருவழியா 1955-ல படம் வெளிய வந்துச்சு. மறுவருசம் கான் பட விழாவுல விருதும் வந்துச்சு. அந்தப் படத்துல வார புருசன், ஹரிஹர்னு பேரு, எழுதப் போறேன் சம்பாதிக்கப் போறேன்னு ஊர் சுத்துதான், வீட்டுல அரிசிக்கு வழி இல்லை, பொண்டாட்டி வீட்டுப் பாத்திரத்தையும் விக்கா. நகையை அடகு வச்சவருக்குத் தெரியாதா அதை எப்படி எடுக்கணும்னு?

நகை மீண்டு வந்துச்சான்னு நான் ஆச்சிகிட்ட கேட்டேன். சினிமா ரசனை உள்ளவங்க கேக்கிற கேள்வியான்னு எரிஞ்சு விழுந்தா. நகை பொண்டாட்டியோடதுல்லா, கேக்கக் கூடாதா?

புருசன் இல்லாத விருதுப் படமும் ரெண்டொண்ணு இருக்கு. தேடிப் பிடிச்சு வச்சுக்கோ, ஆபத்துக்கு உதவும். பாலுமகேந்திராவோட 'வீடு' அப்படி ஒண்ணு. கல்யாணமாகாத பொண்ணு ஒருத்தி பட்டணத்துல சின்னதா ஒரு வீடு கட்டப் பாடுபடுதா. புருசன் இல்லைங்கிறதால வில்லன் வேலையைக் கட்டடக் காண்டிராக்டர் ஏத்துக்கிட்டான், சிமெண்டைத் திருடுதான். நான் நம்ம வீட்டு மாடியைக் கட்டுனப்ப பட்ட பாடெல்லாம் அதுல இருந்துச்சு. ஒரு நிமிசம் கண் அசரலை, திரையைப் பாத்து மூட்டையை எண்ணு எண்ணுன்னு கத்திக்கிட்டே இருந்தேன். தாத்தாவா வந்த சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டைத் தடவிப் பாப்பாரு பாரு, அதுக்கு ஒரு கும்பிடு போடலாம். அப்புறம் மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி'. நல்லாண்டிங்கிறவர் நிசமான சம்சாரி, நடிச்சுப் பழக்கமில்லாத மனுசன், அவர்தான் கதாநாயகன். படம் வெளிய வாரதுக்கு முன்னாலயே போயிட்டாரு, பாவம். தேசிய விருதுல அவர் பேரையும் தனியாச் சொல்லிக் கௌரவிச்சாங்க. அதுல கிழவர் ஒண்டிக்கட்டை. பயப்படாம உக்காந்து பாக்கலாம். பயிர் தண்ணியில்லாம வாடுறப்ப மட்டும்தான் அடிவயிறு கலங்கும்.

வினோத்ராஜ்ங்கிற பையன் நம்ம மதுரைப் பக்கத்துக்காரன். அவன் படம்னா உஷாரா இருந்துக்கோ. 'கூழாங்கல்' அரிட்டாபட்டிப் பொட்டல்ல எடுத்தது. 2021-ல நெதர்லாந்து ராட்டர்டாம் விழாவுல புலி விருது வாங்குச்சு. கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியைக் கூட்டியார ஒரு குடிகாரன் சின்னப்பயலை இழுத்துக்கிட்டுப் போறான். சின்னப்பய கையில இருந்த பஸ் காசைக் கிழிச்சுப் போட்டுருதான். ரெண்டு பேரும் அந்த உச்சி வெயில்ல ஊருக்கு நடக்காங்க. அதான் படம். ஆயுசு பூரா அந்த வெயில்ல நடந்தவன் நான், அதை மறுபடி காசு குடுத்துப் பாக்கணுமான்னு கேட்டேன். நீங்க நடந்தீங்க, பின்னால வந்தவளைத் திரும்பிப் பாத்தீங்களான்னு ஆச்சி கேட்டா. வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் 2024-ல 'கொட்டுக்காளி' வந்துச்சு. அதுக்கு டவுன் தியேட்டருக்கே கூட்டிட்டுப் போயிட்டா. படத்துல பின்னணி இசையே கிடையாது. நான் சாத்தூர் காரச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போயிருந்தேன். சேவலும் ஆட்டோவும் ஆளுகளும் ரோட்டுல போய்க்கிட்டே இருக்காங்க, தியேட்டர்ல ஊசி விழுந்தா கேக்கும், நான் ஒரு சேவைக் கடிச்சேன். முன்வரிசையில ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. அதுக்கப்புறம் பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா வாயில போட்டு ஊற வச்சே தின்னு முடிச்சேன். முடிவை நாமளே யோசிச்சுக்கணுமாம். ஆச்சி மூணு நாளா அந்தப் பொண்ணு மீனா என்ன ஆனாள்னு யோசிச்சா. எனக்கு அந்தச் சேவல் மேலதான் கவலை.

இப்ப உன் கிழங்குப் படத்துக்கு வாரேன். அதுக்காகத்தானே போன் பண்ணினே. 'ழான் தில்மான்'னு ஆரம்பிச்சு, வீட்டு நம்பர், தெருப் பேரு, பின்கோடு வரைக்கும் படத்தோட பேருலயே வருது. பேரைப் படிச்சு முடிக்கவே ஒரு டம்ளர் தண்ணி வேணும். பெல்ஜியத்துல 1975-ல ஷந்தால் ஆக்கர்மான்னு ஒரு பொண்ணு எடுத்தது, அப்ப அதுக்கு வயசு இருபத்தஞ்சு. படம் 201 நிமிசம். லண்டன்ல 'சைட் அண்ட் சவுண்ட்'னு சினிமாப் பத்திரிகை ஒண்ணு இருக்கு. 1952-ல இருந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா உலகத்து விமர்சகர்கிட்ட எல்லாம் ஓட்டு வாங்கி, எல்லாக் காலத்துலயும் சிறந்த படம் எதுன்னு பட்டியல் போடுவான். முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்' ஜெயிச்சுது. அப்புறம் 'சிட்டிசன் கேன்' ஐம்பது வருசம் நாற்காலியை விட்டு இறங்கலை. 2022-ல ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல ஓட்டுப் போட்டு இந்தக் கிழங்குப் படத்தை மேல ஏத்தி விட்டாங்க. பொம்பளை எடுத்த படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதனால இது மொக்கைப் படம்னு வீட்டுக்குள்ள வாயைத் திறந்துறாதே, ஆயிரத்து அறுநூறு பேரும் உன் வீட்டுக்காரி பக்கம் நிக்காங்க.

நானும் உங்க ஆச்சி கூட உக்காந்து அதை முழுசாப் பாத்தேன். ஒரு விதவைத் தாய். பெரிய மகன் ஒருத்தன். பிழைப்புக்காக மத்தியானம் வீட்டுக்கு ஆள் வந்து போகுது, அதைப் பத்தி நான் உன்கிட்ட விளக்கமாச் சொல்ல முடியாது. மத்த நேரமெல்லாம் கிழங்கு உரிக்கா, கறியை மாவுல புரட்டுதா, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுதா, விளக்கை அணைக்கா, கதவைச் சாத்துதா. கேமரா அசைய மாட்டேங்குது. அரை மணி நேரத்துல எனக்கு ஒரு விசயம் வெளங்கிருச்சு. இது நம்ம வீட்டு அடுப்படியில தினம் ரெண்டு வேளை ஓடுற படம்லா! டிக்கெட் இல்லை, நாம பாக்கிறதும் இல்லை. உங்க ஆச்சி சின்ன வெங்காயம் உரிக்கிறப்ப முதுகைத்தான் நான் பாத்திருக்கேன். ரெண்டாம் நாள் அவ அடுப்புல கிழங்கு குழைஞ்சு போகுது. அந்த இடத்துல ஆச்சி நிமிந்து உக்காந்து, என்னமோ நடக்கப் போகுதுங்கன்னா. கிழங்கு குழைஞ்சதுக்கு என்னடி நடக்கும்னு கேட்டேன். மூணாம் நாள் கத்தரிக்கோல் வந்துச்சு பாரு! விருதுப் படத்துல நான் பாத்ததிலேயே திடுக்கிட்ட இடம் அதுதான். அன்னைக்கு ராத்திரி சோறு கொஞ்சம் குழைஞ்சிருந்துச்சு. அமிர்தம்னு சொல்லித் தின்னுட்டு, அரிவாள்மணையைப் பரணுக்குக் கொண்டுபோயி வச்சேன்.

எல்லாப் படத்தையும் நான் நையாண்டி பண்ணுதேன்னு உன் வீட்டுக்காரிகிட்டப் போயிச் சொல்லிறாதே. ஜப்பான்ல ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி', 1953-ல வந்தது, அதை நீ பாத்தே ஆகணும். சின்ன ஊர்ல இருக்கிற கிழவனும் கிழவியும் பிள்ளைகளைப் பாக்க டோக்கியோ போறாங்க. மகன் டாக்டர், மகளுக்கு அழகுநிலையம். யாருக்கும் நேரம் இல்லை. கிழடுகளை என்ன பண்ணன்னு தெரியாம அதாமிங்கிற கடற்கரை ஊருக்குக் காசு போட்டு அனுப்பி வச்சுருதாங்க. அங்க ராத்திரி பூராப் பாட்டும் கூத்தும், தூக்கமில்லை. உங்க மாமன் எங்களை மெட்ராஸுக்குக் கூப்பிட்டுட்டு, மூணாம் நாளே டாக்சி வச்சு மாமல்லபுரத்துக்கு அனுப்புனான்லா, அந்த ஞாபகம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வந்துச்சு. ஆச்சி சிரிச்சா. நானும் சிரிச்சேன். படத்துல அந்தக் கிழவி செத்துப் போறா. கிழவன் பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சாதாரணமாப் பேசுதான், இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா இருக்கிறப்பவே இன்னும் கொஞ்சம் அன்பா நடந்திருப்பேன்னு. ஆச்சி என் பக்கம் திரும்புறது தெரிஞ்சுது. நான் தலையைத் தொங்கப் போட்டு லேசாக் குறட்டை விட்டேன். சில நேரத்துல முழிச்சிருக்கிறது தெரியக் கூடாதுலே.

தூங்குறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, அதையும் சொல்லிருதேன். தோள்ல எப்பவும் ஒரு துண்டு இருக்கணும். அலுப்பு வந்துச்சுன்னா துண்டை எடுத்து முகத்துல பொத்திக்கோ. உள்ள நீ அழுதியா தூங்குனியான்னு எந்தப் பொண்டாட்டியாலயும் கண்டுபிடிக்க முடியாது. விருதுப் படத்துல எந்த நிமிசமும் அழறதுக்கு ஏத்த நிமிசம்தான். துண்டை எடுக்கையில மட்டும் மூக்கை ஒருக்கா உறிஞ்சிரு.

படம் முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுன்னு கேப்பா. அங்கதான் முக்கால்வாசிப் பேரு கவுந்துருதான். நல்லா இருந்துச்சுன்னு பொத்தாம் பொதுவாச் சொன்னா பொய்யின்னு தெரிஞ்சுரும். மெதுவாப் போகுதுன்னு சொன்னா ரெண்டு நாளைக்கு ரசம் மட்டும்தான். நான் ஒரு உபாயம் வச்சிருக்கேன். படத்துல சின்னதா ஒண்ணைப் பிடிச்சுக்கிடுவேன். 'பதேர் பாஞ்சாலி'யில மிட்டாய்க்காரன் பின்னாலயே பிள்ளைக போகும், அதுக பின்னால ஒரு நாய் போகும், எல்லாம் குளத்துத் தண்ணியில நிழலாத் தெரியும். அந்த நாய் கடைசியாப் போச்சே, பாத்தியான்னு நான் கேட்டேன் பாரு, உங்க ஆச்சி முகத்தைப் பாக்கணுமே! வாரம் பூரா எனக்கு மீன்குழம்பு. ஊர்ல பாக்கிறவகிட்ட எல்லாம், அவுக கூட அந்த நாயைக் கவனிச்சுட்டாகன்னு பெருமை பேசுனா. இந்த உபாயத்துல ஒரே ஒரு வினை இருக்கு. அந்த நாய் எந்த நிமிசம் வரும்னு முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதைப் பிடிக்கிறதுக்காக முழுப் படத்தையும் முழிச்சிருந்து பாக்க வேண்டியதாப் போயிருது. உங்க ஆச்சிக்கு இது தெரிஞ்சிருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேக்கலை.

அடுத்த மாசம் நீங்க ரெண்டு பேரும் ஊருக்கு வாரதாச் சொன்னியாம். ஆச்சியும் உன் வீட்டுக்காரியும் போன்லயே பேசி ஒரு படம் எடுத்து வச்சிருக்காளுக. ஹங்கேரி நாட்டுக்காரர் பெலா தார் 1994-ல எடுத்த 'சாத்தான்டாங்கோ'. ஏழு மணி நேரத்துக்கு மேல ஓடுமாம், கறுப்பு வெள்ளை. ஆரம்பத்துல எட்டு நிமிசம் மாடுகள் சகதியில நடந்து போகுதாம். அந்த எட்டு நிமிசத்துக்கு நான் பொறுப்பு, மாட்டை எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாப்பேன். மிச்சம் உன் பொறுப்பு. வாரப்ப துண்டு ரெண்டு எடுத்துக்கிட்டு வந்துரு.